கொளஞ்சியப்பனுக்கு ஞாபகப் பரீட்சை

ராஜாங்கத்துக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் தேவிப்ரியா ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, உடம்பையும் ஞாபகத்தையும் சோதித்து ஃபாரம் நிரப்புவாள். ஞாபகம் தப்பியவர்களைக் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துக் கட்டில் கொளஞ்சியப்பனுக்கோ சில மாதங்களாக ஞாபகம் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

வெளியே என்றால் ராஜாங்கம் நாலு ஏக்கர் கரும்புக்காரர், கொளஞ்சியப்பன் கரும்பு வெட்டப் போனவர். இங்கே வந்த ஐந்து வருடத்தில் இருவரும் 'யோவ்', 'இன்னாய்யா' என்று ஆகிவிட்டார்கள். அந்த ஆளும் போய்விட்டால் இவர் யாரோடு சண்டை போடுவார்?

முதலில் கூப்பிட்டது ராஜாங்கத்தை. தேவிப்ரியா மூன்று வார்த்தை சொன்னாள்: மாங்காய், சைக்கிள், குடை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டாள். சரியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர், கொளஞ்சியப்பனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் பாடம். சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கொளஞ்சியப்பன் உள்ளே போனார். ராஜாங்கம் ஜன்னலோரம் நின்றார்.

"ஐயா, மூணு வார்த்த சொல்லப்போறேன், நல்லா கேட்டுக்கினு..."

அவள் முடிக்கவில்லை. "மாங்கா, சைக்கிளு, கொட!" என்றார் கொளஞ்சியப்பன், நெஞ்சை நிமிர்த்தி.

ஜன்னலில் ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டார். தேவிப்ரியா சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. ஒருவழியாக அடங்கி, "ராஜாங்கம் ஐயா, உள்ள வாங்க" என்றாள்.

"தப்பா நெனைக்காதம்மா. இவன அங்க அனுப்பிட்டா..." என்று இழுத்தார் ராஜாங்கம்.

"எல்லாம் சரின்னு நான் பொய்யா எழுதினா, இன்னா கொறைன்னு டாக்டரு பாக்கவே மாட்டாருங்க. நீங்கதான கூடவே இருக்கீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

ராஜாங்கம் நண்பரைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பதுபோல் கூசியது. ஆனாலும் சொன்னார். "சித்திர வெயில்லயும் போர்வ கேக்கறான். பகல்லாம் தூக்கம். மூஞ்சி உப்பிக்கினு இருக்குது. துன்னத மறந்துட்டு திரும்ப சோறு கேக்கறான்."

தேவிப்ரியா எழுதிக்கொண்டே இருந்தாள். போன முறை ஃபாரத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கட்டத்திலும் 'நலம்' என்று அவளே எழுதியிருந்தாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ரொம்பக் கம்மி; மறதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரை இடம் மாற்றும் பேச்சு நின்றது. ராஜாங்கம் விடிகாலை அலாரம் வைத்து, ஒரு நாள் தப்பாமல் மாத்திரையைக் கையில் கொடுத்தார்.

அடுத்த சோதனை நாள் வந்தது. இந்த முறை பாடம் எதுவும் நடக்கவில்லை. ராஜாங்கம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. கொளஞ்சியப்பன் கடுகடுவென்று வந்தார், பின்னாலேயே ஃபாரத்தோடு தேவிப்ரியா.

"யோவ், தீபாவளிக்கு எம்பொண்ணு செவ்வந்தி அதிரசம் கொண்டாந்தா. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு நீ ரெண்டு எடுத்துத் துன்னுட்ட. இப்பதான் நாபகம் வந்துச்சு. துன்னியா இல்லியா?"

ராஜாங்கம் எழுந்து நின்றார். சந்தோஷம் தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"துன்னேன்யா! சத்தியமா துன்னேன்!" என்று கத்தினார். பிறகு தேவிப்ரியா பக்கம் திரும்பினார்.

"அம்மாடி, நீ சரியா எழுதிக்க. ரெண்டு இல்ல, மூணு!"