ஒரே பாராசூட்டில் ஓரகத்திகள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் முக்கியமான பேச்சு என் காதில் விழவில்லை. ஒரு தீவுக்குச் சுற்றுலா போயிருந்தேன். ஆளைப் பாராசூட்டில் கட்டி, நீண்ட கயிற்றால் படகோடு இணைத்து, வானத்தில் பறக்கவிடுகிறார்கள். அந்தப் படகில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கதை தலைக்கு மேலே நடந்தது.

"நீலப் பட்டு விரித்த கடல்" என்று தொடங்கிப் பார்த்தேன். கடல் எதையும் விரிக்கவில்லை. டீசல் நாற்றம்தான் வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

2

பறந்தவர்கள் ஓரகத்திகள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேச்சு மட்டும் கிடையாது. காரணம் குக்கர். (குக்கர் என் கற்பனை. ஆனால் குடும்பம் பிரிய இதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) சின்னவள் கேட்காமல் புதுக் குக்கர் வாங்கி வந்தாள். "அப்போ நானும் பழசாயிட்டேனா" என்று பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான்.

ஊர் திரும்பியதும் கொத்தனார் வந்து சமையலறைக்குக் குறுக்கே சுவர் எழுப்பப் போகிறார் என்று கூட வந்திருந்த கணவர்கள் பேசிக்கொண்டார்கள். அதற்குள் அக்கா ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று சின்னவள் கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடவுள் படகுக்காரரை அனுப்பினார். (இது என் நம்பிக்கை. தான் பிழைப்புக்கு வந்ததாகத்தான் படகுக்காரர் சொல்வார்.)

3

"ரெண்டு பேரும் ஒல்லி. தனியா விட்டா காத்து தூக்கிட்டுப் போயிடும். ஜோடியாத்தான் அனுப்புவேன்" என்றார் அவர்.

"என்னை ஒல்லின்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்" என்றாள் பெரியவள். "ஆனா அவங்களோட போக மாட்டேன்னு சொல்லிடுங்க."

"பக்கத்துலதானே நிக்கிறாங்க?"

"நிக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"அக்கா வராம நானும் போகலைன்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள்.

"ஏம்மா, நான் படகு ஓட்டவா, தூது போகவா?"

படகின் மூலையிலிருந்து பெரியவளின் கணவர், "பயந்துட்டாங்கப்பா" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் இடுப்புப் பட்டையை எடுத்தார்கள்.

"கையை மேலே காட்டினா ஏத்துவேன். கீழே காட்டினா இறக்குவேன்" என்றார் படகுக்காரர்.

4

மேலே என்ன பேசினார்கள்? வரைவு ஒன்று: கண்ணீர் மல்க ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு... (அந்தப் பட்டையில் கட்டிக்கொள்ள முடியாது. விட்டுவிடுவோம்.)

நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். பெரியவளுக்குக் கை ஆட்டாமல் சண்டை போட வராது. 'மேலே ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்' என்றாளோ என்னவோ, கை வானத்துக்குப் போனது. படகுக்காரர் கயிற்றை விட்டார், விர்ரென்று ஏறினார்கள். 'இந்த வீட்டுல கால் வச்ச நாள்லேருந்து' என்று கையைக் கீழே குத்தியிருப்பாள். அவர் இழுத்தார், நான்கு பாதங்களும் கடலில் நனைந்தன. சின்னவள் பதிலுக்குக் கையை உயர்த்தினாள். மறுபடி வானம். மறுபடி தண்ணீர்.

"அண்ணே, என்னதான் கேக்குறாங்க?" என்றார் தம்பி.

"வீட்டுலயே எனக்குப் புரியாது. இங்க எப்படிடா புரியும்?"

பஜ்ஜி மாவில் முக்கியெடுப்பதுபோல்... (வேண்டாம். பாவம், அவர்கள் சீரியஸாகச் சண்டை போடுகிறார்கள்.) ஆனால் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று காற்று பிரித்துச் சொல்லவில்லை.

5

திடீரென்று கைகள் நின்றுவிட்டன. நிமிர்ந்து பார்த்தோம். பெரியவளின் கையும் சின்னவளின் கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

"சைகையே காணோமே" என்று படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏத்தவா, இறக்கவா?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தார்.

வரைவு இரண்டு: பெரியவள் இறங்கியதும், "கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிடு" என்று சின்னவளிடமே நேராகச் சொல்கிறாள்.

வரைவு மூன்று: அப்போது காற்று பலமாக வீசியது. வெறும் பயம். கால் படகில் பட்டதும் பெரியவள் கையை உருவிக்கொள்வாள்.

பயத்தில் பிடித்த கையும் கைதான், கடவுள் அதையும் சேர்த்துக்கொள்வார் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு சுவர் எழும்பாமல் தடுக்க அது போதுமா என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் முடிக்காமல் பேனாவை மூடிவிட்டேன்.

படகுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களே சொல்லுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் கையை விடவில்லை.