ஆறாவது தந்தியின் தூக்கம்

கிதார்க்காரரின் முதல் தந்தி தூங்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. மீட்டினால் துணிக்கொடியை மீட்டியதுபோல் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தானாக விழித்துக்கொண்டது, மறுநாளும் அப்படியே. புதுத் தந்தி மாட்டினார், அதுவும் அதே நேரத்துக்குத் தூங்கியது. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த அவர் மனைவிதான் இரண்டே நாளில் கண்டுபிடித்தாள். போன மாதம் கடல் தாண்டிப் போய் ஒரு மேளக்காரரோடு சேர்ந்து வாசித்துவிட்டு வந்தாரே, அந்த மேளக்காரரின் ஊரில் அதுதான் ராத்திரி. அவர் தூங்கினால் தந்தியும் தூங்கியது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் குதிகுதியென்று குதித்தார்.

அதன்பிறகு அடங்குவாரா? பதினேழு வருஷத்தில் ஐந்து நாட்டுக் கலைஞர்களுக்கு ஐந்து தந்திகள் போயின. புல்லாங்குழல்காரர் மத்தியானமும் படுத்துவிடுகிற ஆள் என்பது அவர் தந்தியிலிருந்துதான் தெரிந்தது. பனிநாட்டுப் பாடகிக்குக் குழந்தை பிறந்த வருஷம் மூன்றாவது தந்தியை நம்பி ஒன்றும் செய்ய முடியவில்லை. பேருந்துகளுக்குப் போடுவதுபோல மனைவி ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினாள். ஆறும் சேர்ந்து விழித்திருப்பது தினம் மூன்று நாற்பதிலிருந்து மூன்று ஐம்பத்தொன்று வரைதான். எந்த ஊர் மேடையானாலும் கச்சேரி அந்தப் பதினொரு நிமிஷத்துக்குள் முடிந்தது. விமர்சகர்கள் அவருடைய சிக்கனத்தைப் புகழ்ந்தார்கள். அவள் ஒரு கச்சேரியும் கேட்டதில்லை. அது ஷிப்ட் மாறும் நேரம். அவளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையென்றால் அவர் ஊரில் இருக்கமாட்டார். அவளுக்கென்று இருந்தது தடித்த ஆறாவது தந்தி மட்டும். அது யாரிடமும் போகாமல் வீட்டு நேரத்திலேயே இருந்தது. சாயங்காலம் அவள் காலை நீட்டி உட்கார்ந்தால் அதில் எதையாவது வாசிப்பார். நாள் முழுக்க ஹாரன் கேட்ட காதுக்கு அது போதும்.

அதற்கும் வேட்டு வைக்க, சேர்ந்து வாசிக்க வரச்சொல்லி ஒரு வயலின்காரரிடமிருந்து கடிதம் வந்தது.

"இதையும் தாரை வார்த்துட்டு வந்தா எனக்குன்னு என்னங்க மிச்சம்?"

"இந்த ஒரு தடவைதாம்மா," என்றார். ஐந்து தடவையும் அதையேதான் சொன்னார். போயும்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது அவளுக்கு இரவு வேலை போட்டிருந்தார்கள். பகல் முழுக்க ஆறாவது தந்தி வாய் திறக்கவில்லை என்று அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள்தான் உறைத்தது: வயலின்காரரின் ஊருக்கும் இந்த ஊருக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்த மனிதர் பகலெல்லாமா தூங்குவார்?

"வாசிச்சுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். கண் விழித்தபோது அவர் கிதாரும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நீ குறட்டை விட்டதும் நின்னுச்சு. இப்ப பேசுது பாரு."

"நான் எப்பங்க உங்களோட வாசிச்சேன்?"

"கல்யாணமான புதுசுல. நான் பழகிக்கிட்டிருப்பேன், நீ அடுப்படியிலேருந்து கரண்டியால பாத்திரத்துல தட்டுவியே."

"ஐயோ, அது நிறுத்துங்கன்னு தட்டினது!"

"அப்படியா? நல்ல தாளம்," என்றார். "அதுக்கப்புறம்தான் மேளக்காரரெல்லாம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கூடவே அழுகை வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளில் ஆறாவது தந்தி அவ்வப்போது மக்கர் செய்ததற்குக் காரணமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தனக்குத் தந்தி மிச்சமில்லை என்று வயலின்காரர் கோபித்துக்கொண்டு கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் அவளுக்குப் பகல் வேலை திரும்பியது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பின் எவ்வளவு கண் சொக்கினாலும், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அவரைத் திட்டியபடியே, மூன்று ஐம்பத்தொன்று வரை விழித்திருந்தாள்.