மிச்ச முடிச்சுகள்

“உங்கம்மா எரியோட்டு வீட்டுல கல்லு மாதிரி இருக்கு, காலையிலகூட ஒனக்குப் போன் பண்ணுச்சு, நீ என்னடான்னா…” “அக்கா, செத்த மெதுவா, கீழ முதலாளி…” “கேக்கட்டும், செத்தது எங்கம்மாடி, எங்க…” “யாவாரத்துக்குச் சொன்னதுதாங்க்கா, அதுக்குப் போயி…”

செபாஸ்தியம்மாளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது, இந்தச் சுங்குடிப் புடவைக் கடை மாடியில் அவள் சத்தம் போட்டதே இல்லை, கைகள் மட்டும் பழக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தன, சுகன்யா விரிப்பாள், இவள் மடிப்பாள், எப்போதும் அதுதான் ஏற்பாடு… சற்றுமுன் படியிறங்கிய வேடசந்தூர் அம்மாளும் அவள் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆளுக்கொரு புடவை எடுத்துப் போனார்கள், யாருக்காக அழுதார்கள், சுகன்யாவின் அம்மாவாகிவிட்ட தன் அம்மாவுக்காக. ‘எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கையில’ என்று சுகன்யா ஆரம்பித்தபோது, இவளும் மடிப்பதை நிறுத்திவிட்டு, அடப்பாவமே, யாரோ எவரோ என்றல்லவா கேட்டுக்கொண்டு நின்றாள், மாம்பழ மஞ்சள் என்ற சொல் வரும்வரை தெரியவில்லையே, சொந்த அம்மாவை அடையாளம் தெரியாமலா ஒருத்தி நிற்பாள்?

யார் பேசச் சொன்னது இவளை? முதலாளி மோகன்குமார்தான். ‘சுகன்யா கலகலன்னு பேசுற பிள்ளம்மா, எதக் கேட்டாலும் நீங்க ம், சரின்னா அதுக்கு மூஞ்சி சுருங்கிப்போகுது, அன்னைக்கு யாவாரமும் படுத்துருது, நீங்களும் கையக் கால ஆட்டி ரெண்டு கத பேசுங்களேன்.’ சரி, வேலை நிலைக்க வேண்டுமே என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தாள், உதடு அசைவதைக் கண்டு பக்கத்தில் இருந்தவள் ஜெபம் என்று நினைத்துக்கொண்டாள். பூனை பாலைக் குடித்ததைக்கூட ‘அய்யோ, அத ஏன் கேக்குற’ என்று தொடங்கப் பழகினாள், புருவத்தை ஏற்றினாள், இல்லாத சண்டையை இருப்பதாகச் சொன்னாள், சுகன்யா தொடையில் தட்டிச் சிரித்தாள், ‘இம்புட்டையும் எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்த’ என்றாள், அந்தச் சிரிப்புக்கு இவள் ஏங்கவும் செய்தாள்தான்… சில்லறைக் கதையெல்லாம் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், டிபனைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கென்று எடுத்த மாம்பழ மஞ்சள் சுங்குடி, சாயம் போடக் கட்டிய முடிச்சு பிரிக்காதது, துணியை இழுத்தால் நூல் பட்பட்டென்று தெறித்து முடிச்சு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப்புள்ளி விழும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து இவள் இழுக்க இழுக்க அம்மா பார்த்துக்கொண்டே கிடந்தாள், பாதிப் புடவையில் அந்தப் பார்வை நின்றுபோனது. அவ்வளவுதான் கதை.

“நீ சொல்லையில நான்தானக்கா அழுதேன், நீ அழவே இல்ல.” “அழுதா? அழுதா எங்கம்மா ஒனக்குப் பாத்தியமா?” “ஒன் பேரச் சொன்னா கூசிப்போவன்னுதான் எங்கம்மான்னு சொன்னேன்.” “எத்தன பேருகிட்டடி சொன்ன?” சுகன்யா வளையலைத் திருகினாள். அப்படியென்றால் பல நாளாக, இவள் சாப்பிடப் போகும் நேரமெல்லாம், அம்மா இந்த மேடையில் விரிந்து கிடந்திருக்கிறாள், யார் யார் வீட்டுப் பீரோவுக்கோ போயிருக்கிறாள்… எவளை நம்பி வாயைத் திறந்தோம், ஊமையாகவே இருந்திருந்தால் அம்மாவாவது மிஞ்சியிருப்பாள். நாளைக்கும் இவள் விரிப்பாள், நான் மடிக்க வேண்டும், வேறு எங்கே போவது?

மடிப்பு கோணிப்போனது. உதறி மறுபடி மடித்தாள். அந்தக் கடைசி வார்த்தை… முடிச்சு பட்டென்று தெறிக்க, அம்மா சொன்னதாக வேடசந்தூர் அம்மாளிடம் சுகன்யா குரலைத் தாழ்த்திச் சொன்னாளே, ‘போதும் பாப்பா, மிச்சத்த நீ கட்டும்போது பிரி’ என்று, அது இவள் கொடுத்ததில்லை, அம்மாவின் வாயில் குழாய் இருந்தது, ஒரு சொல்லாவது வராதா என்று முகத்தோடு முகம் வைத்துக் காத்திருந்தாள், வரவில்லை. பொய்தான். அப்புறம் ஏன் அது அம்மாவின் இழுப்போடு, அம்மாவின் இருமலோடு காதில் விழுந்தது, பீரோவுக்குள் பாதி பிரிந்து கிடக்கும் புடவை ஏன் நினைவில் வந்து நின்றது… கீழே முதலாளி கூப்பிட்டார், யாரோ வாடிக்கைக்காரர்கள் படியேறும் செருப்புச் சத்தம். சுகன்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இவள் அவள் முந்தானையைப் பிடித்தாள், திட்டத்தான் வாயெடுத்தாள்.

“சுகன்யா… எங்கம்மா வேற என்ன சொன்னுச்சு?”