நூற்றிருபது பிரதிகள்

காப்புரிமை முகவர் கேட்ட நாலாவது கேள்வியை நான் அண்ணைக்கு மொழிபெயர்க்கவில்லை.

1989 பெப்ரவரி. டென்மார்க்கில், கோல்டிங் நகரில் முகவருடைய அலுவலகம். என் அண்ணை நிக்கலஸ், கோட் போட்டு, மடியில் பையை அணைத்தபடி இருந்தார். இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு பின்னல் துணி ஆலையில் அவருக்கு வேலை. ஓடுகிற இயந்திரத்தில் ஊசி ஒன்று முறிந்தால் துணியில் நீளத்துக்குக் கோடு விழும். ஆள் கண்டு நிறுத்துவதற்குள் பல மீற்றர் பாழ். ஊசி முறிந்த கணமே இயந்திரத்தை நிறுத்துகிற சின்ன விசையொன்றை அண்ணை எங்கள் குசினி மேசையில் வைத்துச் செய்தார். முதலாளி தனக்கு அதில் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அண்ணையின் பெயரில் பதிவதுதான் மிச்சம்.

அவருக்கு அது ஏன் வேண்டும் என்றால், அண்ணிக்காக. செலீனா அண்ணி கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருக்கிறார். அவரை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பம் பதினெட்டு மாதமாகக் கொப்பன்ஹேகனில் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லாருடையதும் அப்படித்தான் கிடக்கிறது. பேட்டன்ட் எடுத்தவனின் பைலை அடியில் போட்டு வைக்கமாட்டார்கள் என்று அண்ணை நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு நம்பிக்கையும் இல்லை.

நாலாவது கேள்வி இதுதான்: இதை வெளியாருக்குக் காட்டினீர்களா, எங்காவது அச்சில் வந்ததா?

நான் மொழிபெயர்க்காததைக் கண்டு, எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று முகவர் விளக்கத் தொடங்கினார். காப்புரிமை கெட்டித்தனத்துக்குக் கொடுக்கிற பரிசு இல்லையாம். உலகத்துக்குத் தெரியாத ஒன்றை நீ சொல்லித் தா, உன்னைக் கேளாமல் வேறு ஆள் அதைச் செய்யவோ விற்கவோ விடாமல் கொஞ்சக் காலம் தடுக்கிற உரிமையை நாங்கள் தருகிறோம் என்ற ஒப்பந்தமாம். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னமே விஷயம் வெளியில் வந்திருந்தால் ஒப்பந்தம் பேச ஒன்றும் இல்லை. வெளியில் விட்டது கண்டுபிடித்தவரே என்றாலும்.

எங்கள் தமிழ்ச் சங்கம் றோணியோவில் மை உருட்டிப் பிரதி எடுக்கிற பத்திரிகையில், தை இதழில், அதை எழுதியதே நான்தான். படத்தோடு இரண்டு பக்கம். நூற்றிருபது பிரதிகள். உங்கள் ஊரில் மின்சாரம் இருக்கிறதா என்று ஆலையில் டேனிஷ்காரி ஒருத்தி கேட்ட கோபத்தில் எழுதினேன். எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான், அதுவும் பௌதிகவியலில். அளவு, கோணம், சுருள்வில், ஒன்றையும் விடவில்லை. எழுதக்கூடாத நேரமும் உண்டு என்று மட்டும் எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

யாரும் வாசிக்காத மொழியில் வந்திருந்தால் என்ன என்று முகவரிடம் கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். எந்த மொழி என்றாலும் ஒன்றுதான் என்றார். மறைத்து விண்ணப்பம் போட்டால், பின்னர் யாரோ ஒருவன் இதைத் திருடிச் செய்கிற நாளில் அந்தப் பத்திரிகையை அவனே தேடிப் பிடிப்பான், அன்றைக்கு எல்லாம் விழும்.

இல்லை, எங்கும் வரவில்லை என்று முகவரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது.

"என்ன பிள்ளை, உவ்வளவு நேரமாக் கதைக்கிறியள்?" என்றார் அண்ணை.

"முந்தி எங்கயாவது எழுத்தில வந்ததோ எண்டு கேக்கிறார்."

அண்ணையின் முகம் வெளிச்சமானது. "ஓம் எண்டு சொல்லு. அதுக்குத்தானே கொண்டந்தனான்."

நான் தடுக்கமுதல் பை திறந்தது. பொலித்தீன் உறைக்குள் தை இதழ். மூன்று வருடமாக இந்த நாட்டில் எங்கள் வாய்ச்சொல்லை ஒருவரும் எடுத்ததில்லை. அகதியாக ஏற்கவும் கேட்டது ஊர்ப் பங்குச் சுவாமியாரின் கடிதம், பத்திரிகைத் துண்டு, எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி. எழுத்தில் வந்தால்தான் உண்மை என்று அண்ணை படித்துக்கொண்டதை நான் பிழை சொல்லமாட்டேன்.

முகவருக்குத் தமிழ் தெரியாது. படம் தெரிந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, என்னை டேனிஷில் வாசிக்கச் சொன்னார். கட்டுரையில் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதற்காவது போட்டுப் பார்க்கலாமாம்.

வாசித்தேன். நான் ஒவ்வொரு பாகமாகச் சொல்லச் சொல்ல, அவர் அண்ணையின் வரைபடத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தார். நெம்புகோல் போனது. சுருள்வில் போனது. நான் மோசமாக எழுதியிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன். கடைசி வரி, "இப்படத்தைப் பார்த்து எவரும் செய்துகொள்ளலாம்." அவர் பென்சிலை வைத்துவிட்டார்.

அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதியதால் வந்த வினை என்பதையும் சேர்த்து. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப ஆர் வேணுமெண்டாலும் செய்யலாமோ?"

"ஓம் அண்ணை."

இதழை மறுபடி உறைக்குள் வைத்தார்.

"செலீனாவின்ர பைலுக்கும் இந்த இதழ் ஒண்டு அனுப்பிவிட்டனான்," என்றார். "அதுவும் பிழையாப் போகுமோ?"

"பிழையாப் போகாது," என்றேன். "அங்க அந்தப் பைலை இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை."