ஆறு மணி ஊசி

எங்கள் பெண்கள் வார்டில் ஆறு மணி ஊசிக்குச் சொந்தக்காரர் கிடையாது. இரவு டியூட்டி முடிவதும் காலை டியூட்டி தொடங்குவதும் ஆறு மணிக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போடுவதும் அதே ஆறு மணிக்கு. வருகிறவர்தான் போட வேண்டும் என்று தலைமை நர்ஸான நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். யார் காதில் வாங்கினார்கள்?

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகிறவர், வருகிறவருக்காக ஒரு வேலையை முடித்து வைத்துவிட்டுப் போவார். அதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சொன்னால் செய்த உதவியைச் சொல்லிக் காட்டியது போல ஆகிவிடும். மருந்துச் சீட்டில் கையெழுத்து இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல மனசு, நான் மறுக்கவில்லை. நல்ல மனசை இன்சுலின் ஊசிக்குள் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று பார்த்தோம்.

அன்று இரவு டியூட்டி லிகாயாவுக்கு. கெட்டிக்காரப் பெண். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்காணலும் முடித்து, வேலை கொடுப்பவர்களிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தவள். காலை டியூட்டி ரோடெலுக்கு. மகளுக்கு முதல் பிறந்தநாள் என்று ஒரு பெரிய தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸோடு வந்து நின்றான்.

“அடப்பாவி! டியூட்டியில பன்சித் தின்னா நோயாளிங்க நூடுல்ஸ் மாதிரி நீளமா வந்துக்கிட்டே இருப்பாங்கடா. உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“பிறந்தநாளுக்கு பன்சித் இல்லன்னா என் மாமியார் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க மேடம். நீங்க வேணா ஒரு வாய் மட்டும் சாப்பிடுங்க, ஒரே ஒரு நோயாளி வரட்டும்.”

லிகாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் பொறுப்பு மாற்றப் படுக்கை படுக்கையாகப் போனார்கள். மூன்றாம் படுக்கை ரொசெண்டாவுக்கு. சந்தையில் மீன் விற்கிறவள், காலில் ஆறாத புண். அவர்கள் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் வாசலில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தாள். இருவரும் ஓடினார்கள். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பியதும், “நீ கிளம்பு, ஜீப்னி வண்டி போயிடும்” என்று ரோடெல்தான் லிகாயாவைத் துரத்தினான். மூன்றாம் படுக்கையைப் பற்றிய பேச்சு எழாமலே போனது.

ரோடெல் திரும்பி வந்து ரொசெண்டாவின் மருந்துச் சீட்டைப் பார்த்தான். ஆறு மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது. இன்சுலின் போட்டான். அவன் செய்தது முறைப்படி சரி.

காலைக் கஞ்சி வருவதற்குள் ரொசெண்டாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கணவன் தியோவைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள். சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. டியூட்டி டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, “ஏன்யா எல்லாரும் செத்த மீனைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?” என்றாள். எனக்கு உயிர் வந்தது.

“நேத்து ராத்திரி சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க. கஞ்சி குடுங்க, மத்தியானம் ஒரு தடவை சர்க்கரை பாருங்க, போதும்,” என்றார் டாக்டர். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. வார்டில் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, விசாரணை இல்லை. ரோடெல் மட்டும் முகம் வெளுத்து நின்றான். எங்கள் வார்டு நர்ஸ்களின் வாட்ஸப் குழுவில், ‘மூணாம் படுக்கைக்கு சர்க்கரை இறங்கிடுச்சு. நான் சரியாத்தான் போட்டேன். ஏன்னு புரியல’ என்று போட்டான்.

கொஞ்ச நேரத்தில் லிகாயா வார்டுக்குள் ஓடி வந்தாள். செய்தியைப் பார்த்ததும் பாதி வழியில் ஜீப்னியிலிருந்து இறங்கி, எதிர்த்திசையில் வந்த மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

“மேடம், நான் போட்டுட்டேன். ஆறு மணிக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன்.”

“என்னடி சொல்ற?”

“ரோடெல் வீட்டுல பிறந்தநாளு, தூக்கம் இருந்திருக்காதுன்னு நான் போட்டு வச்சேன். சீட்டு அப்போ டாக்டர்கிட்ட இருந்துச்சு. அப்புறம் கையெழுத்து போடலாம்னு... அந்தக் கர்ப்பிணி விழுந்ததுல மறந்தே போச்சு மேடம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “கையெழுத்து இல்லன்னா வாய் இல்லையா உனக்கு? போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?” என்று வார்டே அதிரக் கத்தினேன். கத்திக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினேன். ஒரு ஊசி என்றால் கஞ்சி போதும். இரண்டு என்றால் மறுபடியும் சர்க்கரை விழும். இவள் வந்து சொல்லாவிட்டால், தூங்குகிறாள் என்று நாங்கள் போர்த்திவிட்டுப் போயிருப்போம்.

விழவும் செய்தது. ஆனால் அதற்குள் குளுக்கோஸ் சொட்டு ஓடிக்கொண்டிருந்தது, அரை மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல்தான் நிலைக்கு வந்தது. அதுவரை லிகாயா வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் ரோடெல், “வயித்துல புதுசா ஒரு ஊசித் தடம் இருந்துச்சு. பாத்தேன். கேக்கல,” என்றான். தியோ தலையைச் சொறிந்துகொண்டு, “நானும் பாத்தேன். ரெண்டாவது தடவை போடுறாங்களேன்னு நினைச்சேன். படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு சும்மா இருந்துட்டேன்,” என்றான்.

லிகாயா ரொசெண்டாவின் முன்னால் போய் நின்று, நடந்ததை முழுக்கச் சொன்னாள். அழவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ரொசெண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரே மீனை ரெண்டு பேருக்கு வித்தா சந்தையில என்ன பண்ணுவாங்க தெரியுமா? கூடையைத் தலையில கவுப்பாங்க. நாளையில இருந்து என் வயித்துல யாராவது கை வச்சா, முன்னாடி போட்டது யாருன்னு நான் கேப்பேன். பதில் சொல்லாம ஊசி போட விட மாட்டேன்.” பிறகு தியோவிடம் திரும்பி, “இந்தப் பொண்ணு காலைல இருந்து பட்டினி. ஏதாவது வாங்கிக் குடுய்யா,” என்றாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வார்டில் பொறுப்பு மாற்றும்போது, கொடுத்த மருந்தையெல்லாம் படுக்கை அருகில், நோயாளியின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். செய்த உதவியை உரக்கச் சொல்வது இப்போது மரியாதைக் குறைவு இல்லை. விசாரணையும் நடந்தது. லிகாயாவின் பெயரோடு ரோடெலின் பெயரும் என் பெயரும் பதிவாயின. விதியை எழுதாமல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தவள் நான்தானே.

அடுத்த மாதம் மணிலாவிலிருந்து அந்தத் தொலைபேசி வந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் பெண்மணி. லிகாயா என் மேசைக்கு எதிரே, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மருந்து விஷயத்துல இவங்க எப்பவாவது தப்பு பண்ணியிருக்காங்களா மேடம்?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு நுனி வரை வந்தது. “பண்ணியிருக்கா,” என்றேன். லிகாயா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு ஊசியையும் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டியதை அவளே பாதி வழியில் இறங்கி ஓடி வந்து சொன்னதையும் சொன்னேன். அவள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண் செத்திருப்பாள் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் காகிதத்தில் எதையோ எழுதும் சத்தம் கேட்டது.

“காலைல இருந்து எத்தனையோ பேரைப் பத்தி விசாரிச்சுட்டேன் மேடம்,” என்றாள் அந்தப் பெண்மணி. “எல்லாருமே தப்பே பண்ணாதவங்களாம். இவங்க ஒருத்தரைத்தான் என்னால நம்ப முடியுது. எப்போ கிளம்ப முடியும்னு கேட்டுச் சொல்றீங்களா?”

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு லிகாயாவைப் பார்த்தேன். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“ஏய், கண்ணைத் தொறடி,” என்றேன். “எப்போ வரேன்னு கேக்குறாங்க.”