சுவர் எங்கே தொடங்குகிறது

நாதிரின் தூரிகை இம்முறையும் காற்றில்தான் கோடு போட்டது. கையை இழுத்து முடித்துவிட்டுப் பார்த்தால் சுவரில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினான். தூரிகை சட்டென்று முட்டி, மயிர்கள் விரிந்து, கறுப்பு வண்ணம் சுவரில் வரைந்திருந்த ரவூஃபின் கன்னத்தில் வழிந்தது.

"அவன அழ வெச்சுட்டியே" என்று தஹானி ஈரத்துணியால் துடைத்தாள். "உயிரோட இருந்தப்ப ஒரு தடவகூட அழுது நான் பார்த்ததில்ல."

நவம்பர் போராட்டத்தில் இதே தெருவில்தான் போலீஸ் சுட்ட ஒரு சிறு குண்டு நாதிரின் இடது கண்ணைக் கொண்டுபோனது. அன்றே, பத்தடி தள்ளி, ரவூஃப் விழுந்தான். நாளை வெள்ளிக்கிழமை, நாற்பதாம் நாள். மகன் முகத்தைச் சுவரில் பார்க்க அவன் அம்மா மஹல்லா ஊரிலிருந்து வருகிறாள்.

இரண்டு ஆள் உயர முகம். அடையாள அட்டைப் படத்தை வைத்துத் தஹானி எல்லாவற்றையும் வரைந்துவிட்டாள், கண்களைத் தவிர. சிரிக்கும்போது ரவூஃபின் ஒரு கண் மட்டும் சுருங்கும். அது எந்தப் படத்திலும் இல்லை. நாதிரின் நினைவில்தான் இருக்கிறது. கண் பிசகினால், நாளை அந்த அம்மா யாரோ ஒருவன் முன்னால் நிற்பாள்.

ஏன் இப்படி ஆகிறது என்று மருத்துவர் விளக்கியிருந்தார். இரண்டு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை தூரத்தை அளக்கிறது. எட்ட இருப்பவற்றுக்கு அது பெரிதாகத் தேவையில்லை. நாதிர் சாலையைத் தடுமாறாமல் கடந்துவிடுவான். கைக்கெட்டும் தூரத்தில்தான் வினை. நேற்றுத் தேநீரைக் குவளைக்கு வெளியே ஊற்றினான். காரணம் தெரிந்துவிட்டது, வழி தெரியவில்லை.

"சுண்டு விரல சுவர்ல ஊணிக்கோயேன்" என்றாள் தஹானி.

சின்ன எழுத்துக்கு அது சரி. இந்தக் கண்ணோ ஒரு முழம் நீளம். இமைக்கோடு தோளிலிருந்து ஒரே வீச்சில் வரவேண்டும். விரலை ஊன்றியதும் கோடு மூன்று இடத்தில் உடைந்தது. அதையும் துடைத்தாள்.

"தள்ளு, நான் போடறேன். எங்க சுருங்கணும்னு நீ சொல்லு."

"சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் படம் வரையப் போறேன்? கதை எழுதியிருப்பேனே!"

வடக்குப் பார்த்த மதில் அது. பகல் முழுக்க வெயில் விழாது. எங்கும் ஒரே மாதிரி மங்கல் வெளிச்சம். அந்தி சாய்ந்ததும் டீக்காரர் ஷஃபான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஓவியத்தின் இடப்பக்கம் மதிலை ஒட்டி நிறுத்தினார். விளக்குக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து குண்டு பல்பை எரியவிட்டார்.

"பாஷா, பட்டப்பகல்லயே சுவர் தெரியலயாம். இருட்டுல என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று நாதிரைக் கிண்டல் செய்தார்.

எரிச்சலோடு நாதிர் தூரிகையைத் தூக்கினான். சுவரில், வலப்பக்கத்திலிருந்து, இன்னொரு தூரிகை எழுந்தது. இவன் நெருங்க அதுவும் நெருங்கியது. பின்வாங்க விலகியது.

"மாமா, வண்டி அங்கேயே இருக்கட்டும். ஒரு சாண்கூட நகர்த்தாதீங்க!"

"பத்து டீ வித்தா காலை வரைக்கும் நிப்பேன். உங்க ரெண்டு பேருக்கும் இப்பவே ஊத்தவா?"

முதலில் ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்தான். வண்ணம் வழியவில்லை. மூச்சை அடக்கி, மேலிமையை ஒரே வீச்சில் இழுத்தான். அடுத்து, சுருங்கும் கண்ணின் கீழ்வளைவு.

தஹானி நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். "அவனேதான்" என்றாள் பிறகு. "எப்படிடா?"

"விளக்கு பக்கவாட்டுல, சுவர ஒட்டி இருக்கணும். தூரிகை ஒரு பக்கத்துலேர்ந்து வரும், நிழல் எதிர்ப்பக்கத்துலேர்ந்து வரும். நடுவுல இடைவெளி குறையக் குறைய சுவர் கிட்ட வருதுன்னு அர்த்தம். ரெண்டு நுனியும் சேர்ற இடத்துல சுவர் இருக்கு. அதப் பார்க்க ஒரு கண்ணு போதும்."