ஊர் தெரியாத மருந்து

மருந்திடம் ஊரைக் கேட்கக் கூடாது என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் ஒரே விதி. ஊர் தெரிந்தால் உறவு தெரிந்துவிடும். உறவு தெரிந்ததும் கிருமிகள் நகர்ந்து உட்கார்ந்து மருந்துக்கு இடம் கொடுத்துவிடும். இடம் கொடுத்த சொந்தக்காரனை யார் கொல்வார்கள்? பென்சிலின் அப்படித்தான் கெட்டுப்போனது. இப்போது எல்லாக் கிருமிகளும் அதை மாமா என்றுதான் கூப்பிடுகின்றன.

செண்பகம் அங்கே பதினோரு வருடமாகப் பரிசோதகர். கெட்டிக்காரி, ஆனால் திருநெல்வேலிக்காரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மூன்று தலைமுறை உறவைத் தோண்டி எடுத்துவிடுவாள். அந்த வாரம் மட்டும் மூன்று புது மருந்துகளைக் கெடுத்திருந்தாள். ஒன்றிடம் பேச்சுவாக்கில் கேட்டாள், ஹைதராபாத் என்றது. "எங்க சின்னத்தை மவள அங்கனதான குடுத்திருக்கு!" என்று கிருமி வளர்க்கும் தட்டிலிருந்து ஒன்று எழுந்து நின்றது. அதோடு முடிந்தது.

அந்தத் தட்டில் இருந்தவை அவள் கணவன் பேச்சிமுத்துவின் முழங்காலிலிருந்து வந்த கிருமிகள். அவன் லைன்மேன், மின்கம்பத்தில் கம்பி கிழித்த புண். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மருந்துக்கும் புண் கேட்காவிட்டால் காலைத் தொடையோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் ஜெபராணி சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது ஒரே மருந்து. ஆனாலும் கிருமிகள்மேல் செண்பகத்துக்குக் கோபமில்லை. கணவன் உடம்பிலிருந்து வந்ததால் அவை புகுந்த வீட்டுச் சனம். ஆட்டு ரத்தம் கலந்த கூழை வேளை தவறாமல் வைத்தாள்.

"ஏட்டி, வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டாவது சும்மா இரு," என்றான் பேச்சிமுத்து, வியாழக்கிழமை காலையில்.

வைத்துக்கொண்டாள். வெல்லக் கொழுக்கட்டை.

அந்த மருந்து ரொம்பச் சிறுசு. ஒரு வட்டக் காகிதத்தில் நனைந்தபடி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. தட்டின் நடுவில் உட்காரவைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கிருமிகளே கேட்டன. "எந்தூருப்பா?"

"தெரியல," என்றது மருந்து. "செஞ்சாங்க. நம்பர் போட்டாங்க. அனுப்பிட்டாங்க."

"அப்பா பேரு?"

"அப்படி யாரும் இல்ல."

மூத்த கிருமி செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தது. "நீயாவது சொல்லும்மா. எந்த வழியிலயாவது ஒரு சொந்தம் இல்லாமலா போயிரும்?"

அவளுக்கு நாக்கு துடித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளைக்கு ஒரு குடும்பமே கிடைத்துவிடும். கண்ணீர் வழிய, இல்லை என்று தலையாட்டினாள்.

முறை தெரியாதவனோடு எப்படி ஒரே தட்டில் இருப்பது? அண்ணன் என்பதா, மருமகன் என்பதா? அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒன்று எழுந்தது. பிள்ளைக்குப் பரீட்சை என்று இன்னொன்று. மூத்த கிருமி மட்டும் அவளிடம், "வாரேன்மா," என்று சொல்லிக்கொண்டு கிளம்பியது. சாயங்காலம் மருந்தைச் சுற்றி இருபத்து நான்கு மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தது. டாக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

பதினான்கு நாள் மருந்து முழங்காலுக்குள் தங்கி வேலை செய்தது. ஒரு கிருமி பாக்கியில்லை. முழங்கால் காலியாகக் கிடப்பதாகத் தகவல் போய், கிராம நிர்வாக அலுவலர் நிலம் அளக்கும் சங்கிலியோடு வீட்டுக்கு வந்தார்.

"இடத்த அனுபவத்துல வச்சிருக்கது யாரு?"

"மருந்துங்க," என்றாள் செண்பகம்.

"உங்களுக்கு என்ன முறை வேணும்?"

அவள் யோசிக்கவேயில்லை. "கொழுந்தன்னு எழுதுங்க. எங்க வீட்டுப் பிள்ளைதான்."

உள்ளேயிருந்து மருந்து விசும்புவது மூன்று பேருக்கும் கேட்டது. அலுவலர் எழுதிக்கொண்டு சங்கிலியை விரித்தார்.

"வடக்கு எல்லை தெரியல. முழங்காலக் கொஞ்சம் மடக்குங்க."

பேச்சிமுத்து மடக்கினான்.